முப்பத்தாறு பல் சக்கரம்

எதிர்ப் பட்டறையில் மெஷின் சத்தம் நின்று அன்றோடு ஆறு நாள்.

பெரிய சகலைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காலை டீயைக்கூட ரசித்துக் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னங்க, முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன் மெஷின் மண்டையைப் போட்டுருச்சு போல."

"அதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

"சந்தோஷமா? எனக்கா? பாவம்னு சொல்ல வந்தேன்" என்று டம்ளரை நீட்டினார்.

பொறாமைதான். வேறு பேர் வைத்து மழுப்புவானேன்!

அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. இரண்டு பேருக்கும் மர வேலை, எதிரெதிரே பட்டறை. மூடிப்போன மேஜை நாற்காலித் தொழிற்சாலை ஒன்றில், பலகை இழைக்கிற பழைய மெஷின் இரண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆளுக்கொன்றாக வாங்கிவந்தார்கள். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி.

"நீங்க மூத்தவர், முதல்ல நீங்க எடுங்க சகலை" என்றார் சின்னவர்.

பெயிண்ட் பளபளவென்று இருந்ததைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். துருப்பிடித்தது சின்னவருக்கு.

துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஒரே மாதத்தில் அதை ஓட வைத்துவிட்டார் சின்னவர். பளபளப்பைத் திறந்து பார்த்தாலோ, பலகையை உள்ளே தள்ளிக்கொடுக்கிற பல்சக்கரத்தில் ஐந்து பல்லைக் காணோம்!

மெஷினைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாச்சு. நாலு மாதமாகப் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்தார் பெரியவர். பல் எண்ணிக்கை சரியாக இருந்தால் துளை பெரிசு. துளை பொருந்தினால் பல் இரண்டு குறைச்சல். வார்ப்புப் பட்டறையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

போகிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு வேறு.

"உங்க சகலை மெஷின் சும்மா பிச்சுக்கிட்டு ஓடுதாமே!"

"ஓடட்டும், ஓடட்டும்" என்பார். உள்ளே பற்றி எரியும்.

கையால் இழைத்து இழைத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். வருகிற வேலையெல்லாம் எதிர்ப்பக்கம் போனது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பட்டறையைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த லட்சணத்தில்தான் எதிரே சத்தம் நின்றது.

பத்து மணி வாக்கில், வண்டி நிறையப் பலகையோடு பள்ளிக்கூட மேலாளர் ஒருவர் வந்து இறங்கினார். எதிர்ப் பட்டறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"இன்னைக்குப் பலகையைக் கொண்டு வரச் சொன்னார், ஆளைக் காணோமே. போன் அடிச்சாலும் எடுக்கலை. மெஷின் ரெடியாயிடும்தானே?"

"ரெடியா? அது செத்து ஆறு நாளாச்சு சார். இனிமே எழுந்திருக்காது."

"அடக் கடவுளே! அவரை நம்பி வந்தேனே. எண்பது பெஞ்சு சார், பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள வேணும்."

"பேசாம பெரிய மில்லு எதுக்காவது போயிடுங்க. இவரை நம்பினா பிள்ளைங்க தரையிலதான் உட்காரணும்."

வண்டி திரும்பிப் போனது. தனக்குக் கிடைக்காவிட்டால் என்ன, எதிர்ப்பக்கமும் போகவில்லையே! மத்தியானம் பெரிய சகலைக்குச் சாப்பாடு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

மூன்று மணிக்குச் சின்ன சகலை வந்தார். சட்டையெல்லாம் கரி. தோளில் ஒரு சாக்குப்பை.

'வந்துட்டான்யா! என் மெஷின்லேர்ந்து எதையாவது கழட்டிக் கேக்கத்தான் வந்திருக்கான்' என்று பெரியவருக்குப் பட்டது. முந்திக்கொண்டார்.

"சகலை, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. என் மெஷின்லேர்ந்து ஒரு போல்ட்டுகூடத் தர முடியாது."

"தர வேணாம். இந்தாங்க, பிடிங்க" என்று சிரித்தபடியே சாக்கை அவிழ்த்தார் சின்னவர்.

உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். ஒன்று எண்ணெய்க் கறையோடு பழசு. இன்னொன்று புத்தம் புதுசு.

பெரியவர் புதுசை வாங்கி எண்ணிப் பார்த்தார். முப்பத்தாறு பல். சந்தேகத்தோடு இன்னொரு தரம் எண்ணினார். முப்பத்தாறேதான்.

"இது... எப்படி சகலை?"

"முழுச் சக்கரம் ஒண்ணு இருந்தா அதை வெச்சு அச்சு எடுத்து வார்த்துடலாம்னு வார்ப்புப் பட்டறைக்காரர் சொன்னார். என் மெஷின்ல இருந்ததைக் கழட்டிக் கொடுத்தேன். ரெண்டு நாள்னு சொல்லி மனுஷன் ஆறு நாள் இழுத்துட்டார். முன்னாடியே சொன்னா வேணாம்னு வீம்பு பிடிப்பீங்க, அதான் மூச்சு விடலை."

பெரியவர் புதுச் சக்கரத்தை வேட்டி முனையால் துடைத்தார்.

"உங்க வேலை ஆறு நாளா கெட்டுப்போச்சே..."

"கெட்டா கெடுது. ஒரு மெஷினை வெச்சுக்கிட்டு பெரிய வேலையைத் தொட முடியுமா? இப்ப எண்பது பெஞ்சு வந்திருக்கு சகலை! நாற்பது உங்களுக்கு, நாற்பது எனக்கு. பள்ளிக்கூட மேலாளரை இன்னைக்கே பலகையோட வரச் சொல்லியிருந்தேன். வார்ப்புப் பட்டறைச் சத்தத்துல அவர் போன் அடிச்சது காதுலயே விழலை. இப்ப நான் அடிச்சா அவர் எடுக்க மாட்டேங்கிறார்."

சின்னவர் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இந்தப் பக்கம் வந்தாரா சகலை?"