இஞ்சின் இல்லாத கப்பல்

“காத்தே இல்லியே கேப்டன், பாயெல்லாம் தொங்குது. கப்பல் மட்டும் எப்படிப் போகுது?” என்று கேட்டார் பார்படாஸிலிருந்து சுற்றுலா வந்திருந்த மார்வா டீச்சர்.

“நீரோட்டம் இழுக்குது டீச்சர். எங்க கரியாக்கூ தீவுக் கப்பல்ல இஞ்சினே கிடையாது. எங்க பாட்டன் ஓட்டின மாதிரியேதான் நானும் ஓட்டுறேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கேப்டன் லெனிக்ஸ். அந்தப் பெருமைக்காகவே அவருடைய பாய்க்கப்பலைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

மத்தியானம் சமையலறையில் தீப்பிடித்தது. மாலுமிகள் இருவரும் குழந்தைகளை முதல் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு விரைந்தார்கள். மற்றவர்களை இரண்டாவது படகில் இறக்கிவிட்ட லெனிக்ஸ், புகைக்குள் திரும்பி ஓடினார்.

“உசுரைவிடவா சாமான் பெருசு? வந்துடுங்க கேப்டன்!” என்று படகிலிருந்து கத்தினார் டீச்சர்.

எரிந்த பாய்மரத் துண்டு ஒன்று லெனிக்ஸின் முகத்தில் விழுந்து தாடையை நொறுக்கியது. உதவிக்கு வந்த பக்கத்துத் தீவு மீனவர்கள் அவரைத் தூக்கி இரண்டாவது படகில் டீச்சரின் பக்கத்தில் கிடத்தினார்கள்.

“கீழ இன்னும் யாராச்சும் இருக்காங்களா? இஞ்சின் ரூம்ல?” என்று கேட்டான் ஒரு மீனவன்.

“இதுல இஞ்சினே கிடையாதுப்பா. கேப்டனே சொன்னாரே!” என்றார் டீச்சர்.

லெனிக்ஸ் தலையை உலுக்கினார். வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. கையில் இறுக்கியிருந்த சாவியை டீச்சரின் கையில் திணித்தார்.

“பத்திரமா வெச்சிருக்கேன் கேப்டன். அலட்டிக்காதீங்க.”

படகு கரையை நோக்கித் திரும்பியது. பயணிகள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று காலையில் அவரே வெளியிலிருந்து பூட்டிய இஞ்சின் அறைக்குள் அவருடைய தம்பி ஃபெரான் இருந்தான்.