ஷோகிர் வீட்டு விருந்துக்குத் தடை

வண்டியிலிருந்த அரிசி மூட்டையில் நான் கை வைத்ததுமே ஷோகிர் வாசலில் மறித்தார்.

“இறக்காதே எர்காஷ். திருப்பி எடுத்துட்டுப் போ. தடை போட்டுட்டாங்க.”

“எதுக்கு அண்ணே?”

“ஊர் விருந்துக்கு. எங்க சந்துல இந்த மாசம் யாரும் அண்டா ஏத்தக் கூடாதாம். மகல்லா கமிட்டித் தலைவி முயஸ்ஸர் காலையில வந்து சொல்லிட்டுப் போனா. பசு வாங்க வந்தவனையும் அனுப்பிட்டேன்.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“தடைன்னா தடைதான். அதுல என்னத்தக் கேக்கறது?”

எங்கள் மார்கிலான் நகரம் இப்படித்தான். பாலத்தில் நிற்கத் தடை, பூங்காவில் சூரியகாந்தி விதை கொறிக்கத் தடை. அந்தச் சொல் காதில் விழுந்தால் தலை தானாகக் குனியும்.

எனக்குக் குனியாது. பஜாரில் மூட்டை தூக்கி வளர்ந்தவன் நான். எவனாவது ‘கூடாது’ என்றால், என்ன எதிர்பார்க்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஷோகிர் பருத்தி ஆலைக் காவல்காரர். நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம். அன்று விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மகல்லா, அதாவது எங்கள் பேட்டை முழுக்க, உட்கார்ந்து புலாவு சாப்பிட வேண்டும். அதைப் போடாத தகப்பன் அப்புறம் தெருவில் நடமாட முடியாது.

வண்டியைத் திருப்பினேன். அடுத்த சந்தில் உலர்பழ வியாபாரி வீட்டில் புலாவுக்கு மலை மலையாகக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று அண்டாக்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கமிட்டி ஆபீசுக்குப் போனேன்.

“பணக்காரன் சந்துக்கு அண்டா, ஏழை சந்துக்குத் தடையா அக்கா?”

“உக்காரு. டீ குடி,” என்றார் முயஸ்ஸர்.

“டீ கிடக்கட்டும். வீட்ல அண்டா ஏத்தாம அவன்கிட்ட வரட்டும்னு கல்யாண மண்டபக்காரன் என்ன கொடுத்தான்?”

“அரிசி திரும்பி வந்துட்டதுன்னு வயிறு எரியுதா?”

“எரியத்தான் எரியுது. யார் போட்ட தடைன்னு சொல்லுங்க. இல்லாட்டி மாவட்ட ஆபீஸ்ல போய்க் கத்துவேன்.”

முயஸ்ஸர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“தாராளமாப் போய்க் கத்து. அப்படி ஒரு தடையே இல்லைம்பாங்க.”

“அப்போ நீங்களாச் சொன்னதா?”

“நேத்து ஷோகிர் பொண்டாட்டி இங்க வந்து அழுதா. விருந்துக்குன்னு பசுவை வித்துட்டா பனிக்காலத்துக்கு அந்த வீட்ல வேற ஒண்ணும் இல்லை. ‘வசதி இல்லை, விருந்து வேண்டாம்’னு ஷோகிர் வாயால வருமா? வந்தாத்தான் இந்த மகல்லா விடுமா? நீ விடுவியா? போன வருஷம் ஒரு வீட்டுப் புலாவுல கறியைத் தேடணும்னு டீக்கடையில உக்காந்து சிரிச்சவன்தானே?”

அந்த டீயை எடுத்துக் குடித்தேன்.

கல்யாணத்தன்று ஷோகிர் வீட்டில் டீ, ரொட்டி, கற்கண்டு. அவ்வளவுதான். கொல்லையில் பசு கத்தியது. ஷோகிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“அந்தப் பாழாப்போன முயஸ்ஸர் மட்டும் தடை போடலைன்னா ஊருக்கே வயிறு வெடிக்கப் போட்டிருப்பேன். யார்கிட்ட என்ன வாங்கினாளோ.”

கெட்டிலோடு வந்துகொண்டிருந்த முயஸ்ஸர் காதில் அது விழுந்தது. ஷோகிர் கிண்ணத்திலும் டீ ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

உலர்பழ வியாபாரி தாடியைத் தடவினார்.

“எங்க சந்துக்கு இல்லாத தடை இங்க மட்டும் எப்படி? நெசமாவே அப்படி ஒண்ணு இருக்கா?”

ஷோகிரின் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

“இருக்கு,” என்றேன். “மாவட்ட ஆபீஸ்ல நானே போய்க் கத்திட்டு வந்துட்டேன். அசைய மாட்டேங்கறாங்க.”