இரு தரப்பும் சம்மதித்தால்

கார் விடும் பொதுப்பாதைக்காகத் தில்லைநாயகமும் பக்கத்து வீட்டு வின்சென்ட்டும் போட்ட சண்டையைத் தீர்த்துவைத்ததே, வின்சென்ட் வாசலில் நிற்கும் பேசும் கேட்தான். ஆளுக்கொரு நேரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, "வேறு நிபந்தனை உண்டா?" என்று கேட்டது.

"என் சாவுக்குக்கூட இந்தாளு என் வாசப்படி மிதிக்கக் கூடாது!" என்று கத்தினார் வின்சென்ட்.

"கூப்பிட்டாலும் நான் ஏன்யா வரேன்?" என்றார் தில்லைநாயகம்.

கேட் அதையும் தீர்ப்பில் சேர்த்துக்கொண்டது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கே கோபம் ஆறி, மதிலுக்கு மேலாகக் கேக்கும் முறுக்கும் கைமாறத் தொடங்கின. ராசியாகிவிட்டதைக் கேட்டிடமும் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

இன்று விடிகாலையில் வின்சென்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. தில்லைநாயகம் மாலையோடு வந்ததும் கேட் மூடிக்கொண்டது. மதில் ஏறிக் குதிக்கும் வயதா அவருக்கு?

"ஐயோ, அண்ணே!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் வின்சென்ட்டின் மனைவி ரோஸ்லின். "ஏய், நான்தான் சொல்றேன்ல, தொற!"

"இரு தரப்பும் சம்மதித்தால் திறக்கலாம், அம்மா."

"எனக்குச் சம்மதம்! தொறந்து தொலையேன்!" தில்லைநாயகம் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"நன்றி, ஐயா. வின்சென்ட் சாரும் ஒரு வார்த்தை சொல்லட்டும். காத்திருக்கிறேன்."