நிலாக்காரன்

நிலாச் சுரங்கத்துக்கு அருள்நம்பியின் நகலைத்தான் அனுப்பியிருந்தார்கள், வேலைக்கு வேண்டிய நினைவுகளை மட்டும் ஏற்றி. அந்த நகல் பெனிட்டா என்ற பொறியாளரிடம் குழைந்து குழைந்து பேசுவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து சங்கமித்திரைக்கு வயிறு எரிந்தது.

"அது நான் இல்லடி, என் காப்பி. அதுக்கெல்லாமா பொறாமப்படுவ?" என்றான் ஆவடி வீட்டில் இருந்த அசல் புருஷன்.

"மூஞ்சி உங்களுதுதானே?"

மதியம் அவன் கண்ணயர்ந்ததும், அவன் மூளைச் சில்லோடு இணைந்திருந்த கணினி முன் அவள் உட்கார்ந்தாள். வீட்டுக்காரனின் நினைவுக் கோப்புறையை அப்படியே நிலாக்காரன் மேல் நகலெடுத்துவிட்டால் கல்யாணம், கொடைக்கானல், அவள் வைக்கும் மீன்குழம்பு எல்லாம் அவனுக்கும் வந்துவிடும். அப்புறம் அந்த பெனிட்டா பக்கம் திரும்புவானா? ஆத்திரத்தோடு கட்டளையைத் தட்டினாள். 'இருப்பதை அழித்துவிட்டு எழுதட்டுமா?' என்று ஒவ்வொரு கோப்புக்கும் அது நின்று கேட்டது.

"எல்லாத்துக்கும் ஆமா, போ!"

கட்டளையில் எதிலிருந்து நகலெடுப்பது என்பதை முதலிலும், எதற்கு என்பதைப் பிறகும் அடிக்க வேண்டும். மனசெல்லாம் நிலாவே நிறைந்திருந்ததால் அவள் கை நிலாக்காரன் பெயரைத்தான் முதலில் அடித்திருந்தது.

கட்டிலில் அருள்நம்பி கண் விழித்தான். அவளைக் கண்டதும் கூச்சத்தோடு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க மேடம், பெனிட்டா எங்க?"