சுவரில் ஓட்டை தெரியக் கூடாது

மெர்ரின் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலமாரிக் கதவுகளில் இருந்த குழந்தைப் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போன வாரம்தான் நகம் பிய்யப் பிய்ய மாட்டியது. இந்த வீட்டில் குழந்தைக்கென்று ஏதாவது இருந்த சுவடே இனித் தெரியக் கூடாது.

வாசல் தடுப்பு, மேசை முனைகளில் ஒட்டிய ரப்பர், குழந்தையின் கழுத்தில் மாட்டாதபடி ஜன்னல் திரைக் கயிற்றை உயரத்தில் சுற்றிவைக்கும் கொக்கி எல்லாம் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டன. தொட்டிலைப் பிரித்துக் கட்டி, வண்டியில் போட்டு, மேலே தார்ப்பாயால் மூடிவிட்டான் அவள் புருஷன் கெவ்.

யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. இன்று வாடகை வீட்டு ஆய்வு, அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து சுவர், தரை, அடுப்பு என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்காமல் ஒரு ஆணி அடித்தாலும் குற்றம். கேட்டும் பார்த்தாயிற்று, பதில் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இவர்கள் இருக்கும் லோகன் பக்கம் ஒரு வீடு காலியானால் பார்க்க வருகிற கூட்டம் தெருமுனை வரை நிற்கும்.

கெவ் சுவர் ஓட்டைகளில் பல்பசையை அப்பி விரலால் தடவினான். "இனிமே இந்தச் சுவருக்குப் பல்லு சொத்தையே வராது" என்றான். அவள் சிரிக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்தவள் இன்னும் படுக்கவே இல்லை.

டில்லி, மெர்ரினின் தங்கை மகள். இப்போதுதான் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். தங்கை குடியை விடுவதற்காக ஒரு இல்லத்தில் சேர்ந்ததிலிருந்து, பிள்ளை முன்பின் தெரியாத யார் வீட்டிலோ இருக்கிறது. பெரியம்மாவிடம் வர வேண்டுமென்றால் குழந்தை நல அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப மாட்டிரலாம். நான் பாத்துக்கறேன், விடு" என்று சொல்லிவிட்டுக் கெவ் வண்டியோடு வேலைக்குப் போய்விட்டான். மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது. நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது. ஆனால் வீடு போனால் டில்லியும் போனாள். வேறு வழியில்லை.

கைப்பேசி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. தெரியாத எண். எடுக்கத் தெம்பில்லை.

சிறிது நேரத்தில் வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண். ஆய்வுக்கு வந்திருப்பதாகவும், தகவல் விட்டிருந்ததாகவும் சொல்லி, கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றாள் மெர்ரின். அட்டையைப் பார்க்கவில்லை, கண் எரிந்தது. அந்த ஆபீசில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம்தான் வரும்.

வந்தவள் சுவர்களை ஏறிட்டும் பார்க்காதது மெர்ரினுக்கு நிம்மதியாக இருந்தது. கூடத்தில் முழங்காலிட்டு, தரையோடு தரையாகக் குனிந்து நாலு பக்கமும் பார்த்தாள். புத்தக அலமாரியைப் பிடித்து ஆட்டினாள். அது தாராளமாக ஆடியது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து பிளீச் பாட்டிலைப் பார்த்தாள். கடைசியில், தரை வரை தொங்கிய திரைக் கயிற்றைச் சற்று நேரம் கையில் பிடித்தபடி நின்றாள்.

இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறாளே, நல்லவேளை எல்லாவற்றையும் கழற்றினோம் என்று நினைத்துக்கொண்டாள் மெர்ரின்.

சின்ன அறை வாசலில் அந்தப் பெண் நின்றாள். உள்ளே துணி காயும் கம்பியும் ஒரு இஸ்திரிப் பலகையும்தான் இருந்தன. "இந்த ரூம் யாருக்கு?"

"சும்மா கெடக்கு. மழைன்னா துணி காயப் போடுவோம்."

"வேற யாரும் இங்க வந்து தங்கப்போறதில்லையா?"

இதற்குத்தான் மெர்ரின் பயந்துகொண்டிருந்தாள். குழந்தை என்று வாயைத் திறந்தால் ஒப்பந்தம் நீளாது. "யாரு வரப்போறா? நானும் அவரும்தான். குழந்தை குட்டின்னு அந்தத் தொல்லையே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்."

பிஞ்சுக் கையால் தன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத பிள்ளையை இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாள். போகட்டும், வீடு தங்கினால் போதும். அதைச் சத்தியம் செய்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள்: "எங்க ரெண்டு பேருக்கும் புள்ளைங்கன்னாலே ஆகாது."

அந்தப் பெண் டேப்லெட்டில் எதுவும் தட்டவில்லை. அதை மெல்ல மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். மெர்ரினின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அப்போ டில்லிய வேற குடும்பத்துக்கே குடுத்துரலாமா மெர்ரின்?"