எக்ஸ் அடுக்கு ஆறு

டிராம் ஓட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சீருடையோடேயே பள்ளிக்கு ஓடி வந்திருந்தாள் குனிலா. மகள் தூவா தலைகுனிந்து நின்றிருந்தாள்.

"உங்க பொண்ணு காப்பியடிச்சிருக்கா!" கணக்கு ஆசிரியர் ஸ்டெலான் விடைத்தாளை மேஜையில் வீசினார். "எக்ஸ் அடுக்கு எட்டை எக்ஸ் அடுக்கு ரெண்டால வகுக்கணும். வழிமுறை ஒரு வரிகூட இல்ல. எக்ஸ் அடுக்கு ஆறுன்னு விடை மட்டும் இருக்கு. எப்பவும் தட்டுத் தடுமாறி பாஸாகிறவளுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

குனிலாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. "வாயைத் திறடி! யாரைப் பார்த்து எழுதின?"

"மேல எட்டு எக்ஸ், கீழ ரெண்டு எக்ஸ். ரெண்டு அடிபட்டா மிச்சம் ஆறு. இதுல எழுத என்னம்மா இருக்கு?"

"பொய் வேறயா?" என்று குனிலா அதட்டினாள்.

"காட்டினவ பேரைச் சொல்லு. அவளுக்கும் சைபர்தான்," என்றார் ஸ்டெலான்.

தூவா நிமிர்ந்தாள். "சரியா எழுதினது வேற யாருன்னு நீங்களே பாருங்க."

இன்னும் திருத்தாமல் கிடந்த விடைத்தாள் கட்டை அவர் வேகமாகப் புரட்டினார். போகப் போக வேகம் குறைந்தது. மீதி இருபத்துமூன்று பேரும் எட்டை இரண்டால் வகுத்து, எக்ஸ் அடுக்கு நான்கு என்று எழுதியிருந்தார்கள்.

"எங்க, இவ பார்த்து எழுதின அந்த இன்னொருத்தி பேப்பரைக் காட்டுங்க பாப்போம்!" குனிலா மேஜையை ஓங்கி அறைந்தாள். "என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

ஸ்டெலான் எழுந்து நின்று, முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டார்.

"வாடி கண்ணு, போலாம்," என்று குனிலா மகளின் கையைப் பிடித்தாள்.

தூவா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

"அவர் கேட்டுட்டார். நீ?"