பின் சீட்டு

வாசலில் தளபதியின் கார் வந்து நின்றதும் ராணுவச் சமையல்காரரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

“இது உங்களுக்கா?”

“பின் சீட்டு முழுக்க எனக்கே! என் தொப்பையோட அருமை இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“பக்கத்துல யாரும் வரலையா?”

“எல்லாரும் வேற வண்டியில.”

“குழம்பு வைக்கிறவருக்கு இவ்வளவு மரியாதையா!”

அவள் கையசைத்து மறையும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

முகாமுக்குள் நுழைந்ததும் டிரைவர் தளபதியின் சட்டையையும் தொப்பியையும் நீட்டினான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. கான்வாயின் கடைசியில், தண்ணீர் லாரியில் சாதாரணச் சிப்பாய் உடுப்போடு நிஜத் தளபதி ஏறிக்கொண்டிருந்தார். வழியில் எதிரி சுட்டால், கொடி கட்டிய இந்தக் காரைத்தான் சுடுவான்.

“நீ வீட்ல சொன்னியாப்பா?” என்று சமையல்காரர் டிரைவரிடம் கேட்டார்.

“சொல்ல யாரும் இல்லீங்க. அதான் என்னை இந்தக் காருக்குப் போட்டாங்க.”

“நான் முன்னாடி வந்து உட்காரட்டுமா? பேச்சுத்துணையா இருக்கும்.”

“கூடாதுங்க. தளபதி பின்னாடிதான் உட்காருவார்.”